ஆடியில் வந்த லேப்டாப்

இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுமாம். செல்போனை டேப் ரோல் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன், திரையில் ஆளில்லாத மேடை ஒன்று நீல வெளிச்சத்தில் கிடக்கிறது, மூலையில் நிமிடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன, எந்த ஊர் மேடையோ, அங்கே இப்போது மத்தியானமாம், இங்கே தென்காசியில் காலை பதினொன்றைத் தாண்டிவிட்டது, வெளியே சாரல், ஆடி மாதம். ஆடியில் போய் வெளியிடுகிறான் பாருங்கள். அந்தக் கம்பெனியின் பேரைச் சொல்லக்கூட இன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை, ஆனால் கண் மட்டும் அந்த எண்களை விட்டு நகரமாட்டேன் என்கிறது, கண்ணுக்கு மானம் ரோஷம் ஏதாவது இருந்தால்தானே. இரண்டு தீபாவளி தாண்டிக் காத்திருந்த லேப்டாப். வரும் என்றார்கள், வந்துகொண்டிருக்கிறது என்றார்கள், படம் கசிந்துவிட்டது என்றார்கள், தள்ளிப்போகிறது என்றார்கள், இன்றைக்கு நிஜமாகவே வரப்போகிறது, நேற்று வரைக்கும் இந்த நாளை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும், இன்றைக்கு வரவில்லை. காலையில் அதைக் கேட்டதிலிருந்து இப்படித்தான். கேட்காமல் இருந்திருக்கலாம். இல்லை, கேட்டது நல்லதுதான். இல்லை, நல்லது என்று எந்த வாயால் சொல்வேன். என் வீட்டுக்காரர் டீ வாங்கப் போயிருக்கிறார், கூடவே வாழைக்காய் பஜ்ஜியும், இன்றைக்கு விசேஷமாச்சே, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நேற்றே சொல்லிவைத்தார், கடையின் முன்பக்கம் கிடந்த நாற்காலியைக் கூடத் துடைத்துக் கொண்டுவந்து இங்கே என் எடிட்டிங் அறையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த நாற்காலியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மழை வலுத்தால் அவர் டீக்கடையிலேயே நின்றுவிடுவார், நிற்கட்டும்.

மேஜையில் என் பழைய லேப்டாப் பாவூர்சத்திரம் கல்யாணத்தை மென்றுகொண்டிருக்கிறது. மெல்லுகிறது என்றால் மெல்லத்தான் செய்கிறது, விழுங்குவதில்லை. மாவு மில் மாதிரிச் சத்தம், அடியில் காற்றுப் போக வேண்டும் என்று எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்த்தி வைத்திருக்கிறேன், தட்டு சுட்டு அதில் அப்பளம் பொரிக்கலாம். நாதன் டிஜிட்டல்ஸ் என்று வெளியே போர்டு, குற்றாலநாதன் என்கிற என் வீட்டுக்காரர் கேமரா பிடிப்பார், சங்கரவடிவு என்கிற நான் உள்ளே உட்கார்ந்து வெட்டுவேன், ஒட்டுவேன், நிறம் சரிசெய்வேன், பாட்டுப் போடுவேன். இந்த வட்டாரத்தில் கல்யாண வீடியோ பார்த்து அழுதவர்கள் என்றால் பாதிப்பேரை நான்தான் அழவைத்திருப்பேன், அது அவர்களுக்குத் தெரியாது, டைட்டிலில் அவர் பேர்தான் வரும், வரட்டும், அதில் எனக்கு ஒருநாளும் மனக்குறை இருந்ததில்லை. என் குறையெல்லாம் இந்த மெஷினோடுதான். புதுக் கேமரா வந்ததிலிருந்து அது எடுக்கிற படத்தின் கனம் இதற்குத் தாங்கவில்லை. பெண் மாலையைத் தூக்குவாள், மாலை கழுத்துக்குப் போகாமல் பாதி வழியில் நிற்கும், மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி சிலையாகிவிடுவான், நான் கையைக் கட்டிக்கொண்டு அவர்கள் கல்யாணம் நடக்கும் வரை காத்திருப்பேன். மூன்று முடிச்சு விழுவதற்குள் டீ ஆறிவிடும். சத்தத்தோடு ஓட்டினால் இன்னும் மோசம், அதனால் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் வேலை, எப்படியும் மேலே சினிமாப் பாட்டைப் போட்டு மூடப்போகிறோம், பந்தியில் யார் என்ன கத்தினால் நமக்கென்ன. வருஷக்கணக்காக இப்படி ஊமைக் கல்யாணங்களைப் பார்த்துப் பார்த்து, உண்மையில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் மேளச்சத்தம் எனக்குக் காது கிழிகிறது. புது லேப்டாப் வந்தால் சத்தத்தோடு வேலை செய்யலாம் என்று நான்தான் ஆசைப்பட்டேன். நாதஸ்வரத்தின் மூச்சு விழுகிற இடத்தில் சரியாக ஒரு வெட்டு, பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமுகிற இடத்தில் ஒரு வெட்டு, அப்படி வெட்டவேண்டும் என்று. இதை ஒருநாள் அவரிடம் சொன்னேன், பழைய மாடலே இப்போது மலிவாகக் கிடைக்கிறதாமே, அதையாவது வாங்கிவிடலாமா என்று கேட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார், சும்மா கெடட்டி, புதுசு வரப்போகுதாம், இப்பப் போய் பழசை எவனாவது வாங்குவானா.

அன்றைக்கு ஆரம்பித்தது. யூடியூபில் தம்பித்துரை என்று ஒருவன், தாடி வைத்துக்கொண்டு, நம்பத்தகுந்த வட்டாரத்தில் இருந்து கிடைத்த தகவல் மக்களே என்று இரண்டு கையையும் தட்டுவான், அந்த வட்டாரம் எந்த வட்டாரமோ, தென்காசியைவிடச் சின்ன வட்டாரமாகத்தான் இருக்கும். தினமும் சாயங்காலம் டீ வந்ததும் இரண்டு பேரும் அவனைப் போட்டுப் பார்ப்போம். மங்கலாக ஒரு படம் காட்டுவான், பெட்டியின் மூலை மட்டும் தெரியும், கறுப்பாக, அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அவர் சொல்வார், பாத்தியா வடிவு, காத்துப் போற ஓட்டையே இல்ல, அப்ப ஃபேன் கிடையாது, சூடே ஆகாது. நான் சொல்வேன், ஓட்டை அடியில இருக்கும். பந்தயம் வைப்போம், தோற்றவர் டீ டம்ளரைக் கழுவ வேண்டும். எப்போது வெளியிடுவான் என்பதற்கும் பந்தயம். நான் தை என்பேன், அவர் ஆவணி என்பார். சிரிக்காதீர்கள், எங்கள் தொழிலுக்கு வேறு காலண்டர் கிடையாது, முகூர்த்தம் உள்ள மாதம்தான் மாதம், மார்கழியும் ஆடியும் எங்களுக்கு மாதமே இல்லை. ஆடியில எவன்ட்டி புதுச் சாமான் இறக்குவான், அவனும் யாவாரிதான, என்று அவர் சொன்னபோது எனக்கு அது எவ்வளவு சரியாகப் பட்டது. எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிற கம்பெனிக்காரன் எங்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்து நாள் குறிப்பான் என்று இரண்டு பேரும் நிஜமாகவே நம்பினோம், போன ஆடியில் தம்பித்துரை இந்த வாரம் வரும் என்று கத்தியபோது, போடா பைத்தியக்காரா என்று நாங்கள் அவனைப் பார்த்துச் சிரித்தோம். அவன் சொன்னதும் நடக்கவில்லை, நாங்கள் சொன்னதும் நடக்கவில்லை, தை போனது, ஆவணி போனது, இரண்டு பேருமே தோற்றால் டம்ளரை யார் கழுவுவது என்று அடித்துக்கொண்டு டம்ளர் மறுநாள் வரை ஈ மொய்த்துக் கிடக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னோடு இவ்வளவு பேசியது இந்த இரண்டு வருஷத்தில்தான். அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது இப்போது. லேப்டாப் வராமல் போனாலும் பரவாயில்லை, இந்தச் சாயங்காலம் இருந்தால் போதும் என்றுகூட ஒருநாள் நினைத்தேன், நினைத்தது நான்தான், வேறு யாருமில்லை.

திரையில் எண் குறைகிறது. யாரோ மேடையைக் குறுக்கே கடந்து போனான், மைக்கைச் சரிபார்க்கிறான் போல. மைக். அந்தச் சொல்லை நினைத்தாலே காலையில் கேட்டது திரும்ப ஓடுகிறது, நிறுத்த முடியவில்லை. பாவூர்சத்திரம் மாப்பிள்ளையின் அம்மா போன் போட்டுச் சொன்னாள், நலுங்குல எங்க நாத்தனார்மாரு பாடுனாவல்லா, அந்தப் பாட்ட அப்படியே வச்சுருங்கம்மா, மேல சினிமாப் பாட்டைப் போட்டு அமுக்கிராதிய. சரி என்றேன். அதற்காகத்தான் சத்தத்தைத் திறந்தேன், வேறொன்றுக்கும் இல்லை. படம் தத்தித் தத்தி நகர்ந்தது, பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து தேங்காய் உருட்டுகிறார்கள், அத்தைமார் பாட்டு தூரத்தில் கேட்கிறது, ஆனால் கேமராவின் மைக் யார் பக்கத்தில் நிற்கிறார்களோ அவர்கள் குரலைத்தானே முதலில் பிடிக்கும். பக்கத்தில் நின்றது இவர். இன்னொரு கேமராவுக்கு வருகிற சேகு மைதீனும் கூட நின்றிருக்கிறான், அவன் குரல்தான் முதலில் வந்தது. "அண்ணாச்சி, மதினிக்கு அந்த லேப்டாப் எப்ப வாங்கப் போறிய? பாவம், அன்னைக்கு வந்தப்ப அந்தப் பழசோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாவ." அதற்கு இவர், "எதுக்குடே வாங்கணும்? ஆவணியில இருந்து எடிட்டிங் எல்லாத்தையும் கோயம்புத்தூருக்கே அனுப்பிரலாம்னு இருக்கேன். ரெண்டு கல்யாணம் அனுப்பிப் பாத்தாச்சுல்லா, சல்லுனு முடிச்சுத் தந்துட்டான்." "மதினிட்ட சொல்லிட்டியளா?" அப்போது இவர் சிரித்தார். சிரிப்பு எவ்வளவு கிட்டே கேட்டது தெரியுமா, என் காதுக்குள் உட்கார்ந்து சிரித்த மாதிரி. "அவகிட்ட என்னத்தச் சொல்ல? புதுசு வருது, வருதுன்னு சொல்லி வச்சிருக்கேன். பிள்ளைக்கு நெலாவக் காட்டிச் சோறு ஊட்டுத மாதிரிதான். அவளும் சந்தோஷமா இருக்கா, நமக்கும் தொந்தரவு இல்ல." மைதீன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அதுவும் கேட்டிருக்கும். பின்னால் அத்தைமார் பாடிக்கொண்டே இருந்தார்கள், பெண் தேங்காயைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள், யாரோ பந்தி போட்டாச்சு வாங்க என்று கூப்பிட்டார்கள், இவர் சாப்பிடப் போய்விட்டார்.

மறுபடி போட்டேன். மறுபடியும். படம் தத்தினாலும் குரல் தத்தவில்லை. வேறு யாரையோ சொல்கிறாரா என்று பார்த்தேன், மதினி என்றால் நான்தான், அந்தப் பழசு என்றால் இதோ இந்த மாவு மில்தான், சந்தேகத்துக்கு எங்கே இடம். ஆண்கள் நாலு பேர் மத்தியில் அப்படித்தான் வீறாப்பாகப் பேசுவார்கள், அதைப்போய் பெரிதாக எடுப்பாயா என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், சொல்லி முடிப்பதற்குள் அந்த ரெண்டு கல்யாணம் வந்து குறுக்கே நின்றது. ரெண்டு கல்யாணம் அனுப்பிப் பாத்தாச்சுல்லா. எந்த ரெண்டு? இலஞ்சி பார்ட்டி, கடையநல்லூர் பார்ட்டி. வீடியோ வேண்டாம்னுட்டாவ வடிவு, ஆல்பம் மட்டும் போதுமாம் என்று இவர் என்னிடம் சொன்ன அதே இரண்டு. நானும் நம்பி, பாவம் என்ன கஷ்டமோ என்று அவர்களுக்காக வருத்தப்பட்டேன். ஹார்ட் டிஸ்கை கோயம்புத்தூருக்குக் கூரியர் பண்ண வேண்டும், ஆல்பம் பிரிண்ட் போட என்று சொன்னபோது, கீழே விழுந்தால் உடைந்துவிடுமே என்று காற்றுக் குமிழ் ஷீட்டை இரண்டு சுற்று சுற்றி, டேப் ஒட்டி, உடையும் பொருள் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தது யார்? நான். என் கையால் நானே கட்டி அனுப்பினேன், என் வேலையை. அதை நினைக்கும்போதுதான் கோபம் வருகிறது, சிரிப்பும் வருகிறது, தலையை எங்கேயாவது கொண்டுபோய் முட்டலாம் போல் இருக்கிறது. வேலையை வெளியே கொடுத்தால் கொடுக்கட்டும், தொழிலில் லாபநஷ்டம் பார்க்கத்தான் வேண்டும், என்னிடம் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு சோறு வடித்திருப்பேன். ஆனால் அந்தச் சாயங்காலங்கள்? மங்கல் படத்தைப் பெரிதாக்கி ஓட்டை இருக்கா இல்லையா என்று என் தோளில் தோள் இடிக்கக் குனிந்தாரே, அது? தை என்று சொன்னபோது, அடியே உனக்குத் தையிலதான் கல்யாணம் ஆச்சு, அதனால எல்லாம் தையிலயே நடக்கணும் உனக்கு என்று கேலி பண்ணினாரே, அது? நான் மட்டும்தான் காத்திருந்திருக்கிறேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இன்னொன்றும் தோன்றுகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. சுவர் முழுக்க ஹார்ட் டிஸ்க், எத்தனை வருஷத்துக் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, எல்லாவற்றிலும் கேமராவுக்குப் பின்னால் இவர்தான் நின்றிருக்கிறார், பேசிக்கொண்டேதான் நின்றிருப்பார், பேசாமல் அவரால் நிற்க முடியாது, நான் எல்லாவற்றையும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்திருக்கிறேன். என்னவெல்லாம் சொல்லியிருப்பாரோ. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் கேட்கலாமா என்று கை ஒரு தடவை போனது. போய்த் திரும்பி வந்துவிட்டது. ஒன்று கேட்டதற்கே இந்தப் பாடு. ஒருவேளை நல்லதும் சொல்லியிருக்கலாம், எங்க வடிவு மாதிரி வெட்ட ஆள் கிடையாதுடே என்று எங்கேயாவது ஒரு மண்டபத்தில், ஒரு மாலை மாற்றலுக்கு நடுவில் சொல்லியிருக்கலாம், அதையும்தானே அணைத்திருப்பேன். இப்படி நினைக்கிறேன் பாருங்கள், குத்துப்பட்ட இடத்தையே தடவிக் கொடுத்துக்கொண்டு. சங்கரவடிவு, உனக்குப் புத்தி வராது. உன்னை ஏமாற்ற ஒருத்தர் தேவையில்லை, நீயே போதும். ஆவணி வந்தால் இந்த அறை எதற்கு, இந்த மேஜை எதற்கு, காலையில் சேலை மாற்றிக்கொண்டு கடைக்குக் கிளம்புவது எதற்கு, வீட்டில் இருந்து மத்தியானம் டிபன் காரியரைக் கொடுத்துவிடுகிற வேலை ஒன்றுதான் மிச்சம். கதவுச் சத்தம். செருப்பு உதறுகிற சத்தம். வந்துவிட்டார்.

"ஆரம்பிச்சுட்டானா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார், தலைமயிரில் சாரல் பூப்பூவாக நிற்கிறது, ஒரு கையில் டீ, ஒரு கையில் எண்ணெய் ஊறிய பேப்பர் பொட்டலம். "இல்ல" என்றேன். "நல்ல வேளை. அந்தப் பஜ்ஜிக்காரன் அடுத்த ஈடு, அடுத்த ஈடுன்னு நிக்க வச்சுட்டான் கேட்டியா." துடைத்து வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார், இழுத்துப் போட்டு என் பக்கத்தில் நெருங்கினார். பஜ்ஜியைப் பிரித்து முதலில் என் பக்கம் தள்ளினார், எப்போதும் முதலில் என் பக்கம்தான் தள்ளுவார், அதை என்ன செய்ய. "என்னட்டி, ஒரு மாதிரியா இருக்க?" "தலைவலி." "அந்த மெஷின் சூட்டுல உக்காந்தா வலிக்காம என்ன செய்யும். இந்தா, இன்னைக்கோட முடிஞ்சுது." இன்னைக்கோட முடிஞ்சுது என்று அவரால் எவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடிகிறது. முகத்தைப் பார்த்தேன். கள்ளம் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன், கண்ணா அது, கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்க்கிற கண், நிஜமான ஆவல். அதுதான் எனக்குப் புரியவில்லை. நடிக்கிறார் என்றால் வெறுத்துவிட்டுப் போகலாம், நடிக்கவில்லை, அவருக்கு அந்த லேப்டாப் வருவது பிடித்திருக்கிறது, எப்போது வரும் என்று என்னோடு சண்டை போடுவது பிடித்திருக்கிறது, வந்த பிறகு என் மேஜைக்கு அது வரவேண்டும் என்பது மட்டும் அவர் கணக்கிலேயே கிடையாது. வாங்காமலே கடையைச் சுற்றிப் பார்க்கிற சந்தோஷம். நான் அந்தக் கடைக்குள் இரண்டு வருஷமாகப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். மேடையில் பாட்டு ஆரம்பித்தது, விளக்குகள் அணைந்தன, அவர் என் முழங்கையை இடித்தார், "வாரான் வாரான், பாரு."

வந்தான். வழுக்கைத்தலைக்காரன் ஒருவன் மேடையில் நடந்து வந்து என்னென்னவோ பேசினான், எனக்குப் பாதிதான் விளங்கியது, பிறகு பின்னாலிருந்த பெரிய திரையில் அது மெல்லத் திரும்பியது. கறுப்பு. விளிம்பு மட்டும் ஒரு கோடாக மின்னியது. காற்று ஓட்டை இல்லை, எங்குமே இல்லை, அடியிலும் இல்லை. "நான் சொன்னேன்லா! ஃபேனே கிடையாது! டம்ளரக் கழுவு போ" என்று அவர் தொடையில் அடித்துக்கொண்டார். அவன் ஒரு படத்தை அதில் ஓட்டிக் காட்டினான், எங்கள் கேமரா எடுக்கிற அதே கனத்தில் நாலைந்து படங்களை ஒரே நேரத்தில், சத்தத்தோடு, ஒன்றுகூடத் தத்தவில்லை, எங்கோ கடல் அலை உடைகிறது, ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள், அவள் திரும்பிய கணமும் அலை உடைந்த சத்தமும் ஒன்றாக விழுந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவமானம்தான், ஆனால் வந்துவிட்டது. இத்தனை நாள் நான் மனசுக்குள் வெட்டிப் பார்த்த வெட்டு அது. இந்தியாவிலும் இன்றைக்கே பதிவு செய்யலாம் என்று விலையோடு எழுத்து ஓடியது. அவர் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கான். ஆனா முதல் லாட்ட எவனாவது வாங்குவானா வடிவு? அதுல இல்லாத கோளாறெல்லாம் இருக்கும். கொஞ்சம் பொறுப்போம். வெலையும் எறங்கும். தைக்குள்ள வாங்கிருவோம், உன் தை." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். காலையில் கேட்ட சிரிப்பு அல்ல இது, இது நல்ல சிரிப்பு. கேட்டதும் என் மனசு என்ன செய்தது தெரியுமா? ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று எண்ண ஆரம்பித்தது. எல்லாம் தெரிந்தும், சொந்தக் காதால் கேட்டும், கார்த்திகை, மார்கழி, அவ்வளவுதானே, பொறுத்ததே பொறுத்தோம் என்று விரல்விட்டு எண்ணுகிறது. பிள்ளைக்கு நெலாவைக் காட்டினால் பிள்ளை வாயைத் திறக்கத்தான் செய்யும்.

அந்த எண்ணிக்கையை நிறுத்தத்தான் வாயைத் திறந்தேன். "கோயம்புத்தூர்க்காரன் ஒரு கல்யாணத்த எவ்வளவு நாள்ல முடிச்சுத் தாரான்?" என்று கேட்டேன். அவர் கையில் பஜ்ஜி அப்படியே நின்றது, என் மெஷினில் மாலை நிற்குமே, அந்த மாதிரி. போனில் யாரோ கைதட்டிக்கொண்டே இருந்தார்கள். "யாரு சொன்னா? மைதீனா?" "நீங்கதான் சொன்னிய." "நானா? எப்ப?" "பாவூர்சத்திரம் நலுங்குல. கேமரா பக்கத்துல நின்னு." அவர் என்னைப் பார்த்தார், தட்டின் மேல் உட்கார்ந்து உறுமுகிற லேப்டாப்பைப் பார்த்தார், தொழில்காரர் அல்லவா, உடனே பிடிபட்டுவிட்டது. முகம் சிவக்கும் என்று நினைத்தேன், தலையைக் குனிவார் என்று நினைத்தேன். "நீ சவுண்ட அமத்திட்டுத்தான பாப்ப?" என்றார். நான்தான் ஏதோ ஒப்பந்தத்தை மீறிவிட்ட மாதிரி. சாரல் ஜன்னல் தகரத்தில் படபடத்தது. "இல்லட்டி, உன் நல்லதுக்குத்தான் யோசிச்சேன். கண்ணு எரியுது, இடுப்பு வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கல்லா. அவன்ட்ட பத்துப் பேரு உக்காந்து பண்ணுதான், நீ ஒத்த ஆளா எம்புட்டு செய்வ? ஒருநா சொல்லணும்னுதான் இருந்தேன்." "எப்ப?" "சொல்லியிருப்பேன்." "தையிலயா?" என்றேன். அவர் பஜ்ஜியைப் பேப்பரில் திரும்ப வைத்தார், விரலை வேட்டியில் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். ஏதாவது சொல்லுங்கள், தப்புத்தான் என்று ஒரு வார்த்தை, எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஆவணியைத் தாண்டிவிடுவேன் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன், அது அவருக்குக் கேட்டிருக்காது.

அவர் என் போனை எடுத்தார். சாய்த்து வைத்திருந்த டேப் ரோல் உருண்டு கீழே போனது. "சரி, அழுவாத. உனக்கு அந்த லேப்டாப்தான வேணும்? இப்பவே போட்டுருதேன், இந்தா. வீட்டுல வச்சுக்க. படம் கிடம் பாரு, பொழுது போகும்" என்றார். அப்படியே சொன்னார், பொழுது போகும் என்று, கோபமில்லாமல், தாராளமாக, சமாதானம் ஆகிவிட்டது என்கிற நிம்மதியோடு. பெரிய விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினார், அட்ரஸ் கேட்டது, கடை அட்ரஸ் இருந்தது, அதை அழித்துவிட்டு வீட்டு அட்ரஸைப் போட்டார். இவ்வளவு சுலபமா? இரண்டு வருஷம் நான் எண்ணியது எல்லாம், இந்த விரல் இப்படி நாலு தட்டுத் தட்டுகிற வேலைதானா? எழுந்து வெளியே போய்விடலாம் என்று நினைக்கிறேன், எனக்கு உன் லேப்டாப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அந்தப் போனைப் பிடுங்கி எறியலாம் என்று நினைக்கிறேன், கால் தரையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். "கலரு கேக்கான். சாம்பலும் இருக்கு, கறுப்பும் இருக்கு. எது வேணும், சட்டுனு சொல்லு." நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். பல் கடித்து வலிக்கிற அளவுக்கு மூடிக்கொண்டேன். உள்ளே மட்டும் வெட்கங்கெட்ட குரல் ஒன்று, யாரையும் கேட்காமல், கறுப்பு என்றது.